வாசனை போடாத தொட்டி

மூக்கி திருடியதற்காக வேலையை விட்டு விரட்டப்பட்டாள் என்று இன்னும் சொல்லித் திரிகிறார்கள். அவர்கள் வாயில் மண் விழ. ஒன்பது வருடம் அவளுக்கு எதிர் மேசையில் உட்கார்ந்து லேபிள் ஒட்டியவள் நான். நடந்தது என்னவென்று எனக்குத் தெரியும். அதில் என் பங்கு எவ்வளவு என்பதும் தெரியும். ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். யாரைத் திட்டுவது என்று அப்புறம் நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

வீட்டில் அவளுக்கு வைத்த பெயர் வேறு. மூக்கி என்பது நாங்கள் வைத்தது. குழந்தைகளுக்கான தலைக் கிரீம் செய்யும் இடம் எங்களுடையது. தகரக் கூரை போட்ட நீளக் கொட்டகை, மூன்று பெரிய கலவைத் தொட்டிகள், நாற்பது பேர். ஒவ்வொரு தொட்டியும் தயாரானதும் வாசனை சரியாக இருக்கிறதா என்று முகர்ந்து சொல்வதுதான் மூக்கியின் வேலை. அதற்கென்று ஒரு மெஷினை வாங்கி வைத்து, அது தப்புத் தப்பாகச் சொல்லி, கடைசியில் மூலையில் போட்டுத் துணி மூடிவிட்டார்கள். இவள் தவறியதே இல்லை. அட்டைப்பெட்டி அடுக்குக்குப் பின்னால் நின்று சூப்பர்வைசர் சிகரெட் பிடித்துவிட்டு, வாயைக் கொப்பளித்து, கை கழுவி வருவார். இவள் தலையைக்கூடத் தூக்காமல், இன்றைக்கு ரெண்டு போல என்பாள். அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். மனுஷன் நொந்துபோய்ச் சொல்வார், “நான் இவகிட்ட பொய் சொல்லிடுவேன், என் சட்டை சொல்லாது.”

இந்த மூக்கை வைத்துக்கொண்டு அவள் வளர்ந்தது சாக்கடை ஓரத்து வீட்டில். அந்த நாற்றம் துணியில் ஏறி, தலைமுடியில் ஏறி, பள்ளிக்கூடத்தில் பக்கத்துப் பெண்கள் பெஞ்சில் தள்ளித் தள்ளி உட்காருவார்களாம். ஒருத்தி கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டே முழுப் பரீட்சையும் எழுதினாளாம். இதை மூக்கி என்னிடம் ஒரே ஒரு தடவைதான் சொல்லியிருக்கிறாள். தனக்கு ஒரு பெண் பிறந்தால் அவள் பக்கத்தில் உட்கார மற்றவர்கள் அடித்துக்கொள்ள வேண்டும் என்று அன்றைக்கே நினைத்துக்கொண்டாளாம். பெண்ணும் பிறந்தாள். நின்ற இடத்தில் நிற்காத துறுதுறுப்பு, அதனால் அவளை வாண்டு என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம்.

அவள் திருடியதாகச் சொல்கிறார்களே, அந்த ஏடு என்றால் என்னவென்று இப்போது சொல்ல வேண்டும். மெழுகையும் எண்ணெயையும் உருக்கி, தண்ணீர் சேர்த்து, திரண்டு வரும்வரை தொட்டியில் கடைவார்கள். வாசனையைக் கடைசியில்தான் ஊற்ற வேண்டும், சூட்டில் ஊற்றினால் பறந்துவிடும். ஆறிய கிரீம் கெட்டியாக இருப்பதால் ஊற்றிய வாசனை முழுக்க அடியில் இறங்காது. மேலே இரண்டு விரல் உயரத்துக்கு மஞ்சளாக ஒரு படலம் நிற்கும். அதுதான் ஏடு. நிரப்பும் குழாயை அடைத்துவிடும் என்பதால் அதை வழித்து எறிந்துவிட வேண்டும் என்பது விதி. எறிவார்களா யாராவது? கொட்டகை முழுக்க மணக்கும் சரக்கைச் சாக்கடையில் கொட்ட எங்களுக்கு என்ன கிறுக்கா? வெளியே வாங்குகிறவர்களுக்குக் கிடைப்பது வெறும் கிரீம், அதன் சாரமே எங்களுக்குத்தான் என்று எங்களுக்கு ஒரே பெருமை. உடை மாற்றும் அறையில் ஆளுக்கொரு ஆணி, ஆணிக்கொரு பை, பைக்குள் ஒரு எவர்சில்வர் டப்பா. முதல் வழிப்பு மூக்கிக்கு என்பது எழுதாத சட்டம். சூப்பர்வைசருக்கும் இது தெரியும். அவருடைய டப்பாதான் இருப்பதிலேயே பெரியது.

வாண்டுவுக்கு நான்கு வயதானதிலிருந்து குளித்ததும் அந்த ஏடுதான். தலைக்கு மட்டுமில்லை, கை, கால், கழுத்து, மார்பு என்று ஒரு இடம் விடாமல். பள்ளிக்கூடத்தில் டீச்சர் அவளை வாசனைப் பாப்பா என்று கூப்பிட ஆரம்பித்தார். பிள்ளைகள் அவள் பக்கத்தில் உட்காரச் சண்டை போட்டார்கள். மூக்கி இதை என்னிடம் வந்து சொல்லும்போது முகத்தில் ஆயிரம் விளக்கு எரியும். நானும் ரசித்துக் கேட்டேன். ரசித்தேன் என்று சொல்ல இப்போது நாக்கு கூசுகிறது.

ஏழு வயது நடந்துகொண்டிருந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை குளிப்பாட்டுகையில், மார்பில் கை பட்டதும் வலிக்கிறது என்று வாண்டு கத்தியிருக்கிறாள். தொட்டுப் பார்த்தால் இரண்டு பக்கமும் காம்புக்குக் கீழே பட்டாணி அளவுக்குக் கட்டி. கணவர், ஏதாவது பூச்சி கடித்திருக்கும் என்றார். பூச்சி என்ன அளவெடுத்து இரண்டு பக்கமும் கடிக்குமா என்று இவள் அவரிடம் எரிந்து விழுந்தாள். மறுநாள் லீவு போட்டுவிட்டு வாண்டுவைத் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடினோம். நானும்தான் போனேன்.

குழந்தைகளுக்கான டாக்டரம்மா. சின்ன அறை, சுவரில் உயரம் அளக்கிற கோடு. நாங்கள் உள்ளே போய் உட்கார்ந்ததும் அவர் முதலில் செய்தது, எழுந்து போய் ஜன்னலைத் திறந்தது. இது என்ன வாசனை, இவ்வளவு தூக்கலாக இருக்கிறதே என்று கேட்டார். மூக்கி சிரித்துக்கொண்டே, “நல்லா இருக்குல்ல டாக்டர்? எங்க தொட்டியோடது” என்றாள்.

வாண்டுவின் இடது கையை எக்ஸ்ரே எடுத்தார்கள். ரத்தம் எடுத்தார்கள். முடிவுகள் வர ஒரு வாரம் ஆனது. அந்த வாரம் முழுக்க மூக்கி ஒரே தொட்டியைத் திரும்பத் திரும்ப முகர்ந்துகொண்டிருந்தாள். எலும்புக்கு வயது ஒன்பதரை என்றார் டாக்டரம்மா. ஏழு வயசுப் பிள்ளைக்கு ஒன்பதரை வயசு எலும்பு. இப்படியே போனால் எட்டரையிலேயே மாதவிடாய் வந்துவிடும், சீக்கிரமே எலும்பு முற்றி உயரமும் அதோடு நின்றுவிடும் என்றார். உடம்பே தானாக ஆரம்பித்துவிட்டதா, வெளியிலிருந்து ஏதாவது தூண்டுகிறதா என்பதுதான் கேள்வி. தானாக என்றால் வருடக் கணக்கில் ஊசி போட வேண்டும். வெளியிலிருந்து என்றால், அதை நிறுத்தினால் அடங்க வாய்ப்பு உண்டு. வீட்டில் தேய்க்கிறது, தடவுகிறது, தெளிக்கிறது எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டே வந்தவர், ஏட்டைப் பற்றிக் கேட்டதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

“இதுதான் காரணம்னு என்னால அடிச்சுச் சொல்ல முடியாதும்மா. ஆனா வாசனை நிக்கறதுக்குன்னு சேர்க்கற சில பொருள், உடம்புல சுரக்கிறது மாதிரியே வேஷம் போட்டு உடம்பை ஏமாத்தும்னு சந்தேகம் இருக்கு. அதை நீங்க நேரடியா மூணு வருஷம் தடவியிருக்கீங்க. இன்னிக்கே நிறுத்துங்க. உள்ள என்னென்ன இருக்குன்னு எனக்கு எழுதிக் கொண்டுவாங்க. மூணு மாசம் பார்ப்போம்.”

வீட்டுக்குப் போனதும் மூக்கி ஏட்டு டப்பாவை எடுத்து மூடி, பைக்குள் பத்திரமாக வைத்தாள். பிறகு தரை துடைக்கிற வாசனைத் திரவம், அலமாரியில் தொங்குகிற வாசனைக் கட்டி, தெளிக்கிற குப்பி, பவுடர், கணவர் முகம் மழித்துவிட்டுப் போட்டுக்கொள்கிற திரவம் என்று அத்தனையையும் வாரிக் குப்பையில் போட்டாள். அது புதுசு என்று அவர் முனகினார். அவள் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டார். வாண்டு ஒன்றும் புரியாமல், தன் கையை முகர்ந்து பார்த்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் உள்ளே என்ன இருக்கிறது என்று சூப்பர்வைசரைக் கேட்டாள். பாட்டிலிலேயே போட்டிருக்கிறதே, உன் எதிர் மேசை அக்கா ஒட்டுவதுதானே, படித்துக்கொள் என்றார் அவர். என் மேசையில் குவிந்து கிடந்த லேபிளை இருவரும் எடுத்துப் பார்த்தோம். மெழுகு, எண்ணெய், நீர் என்று வரிசையாகப் போய்க் கடைசியில் ‘வாசனை’ என்று ஒரே ஒரு சொல். அந்தச் சொல்லுக்குள் முப்பது சாமான் இருக்கலாம், நாற்பது இருக்கலாம், யார் கண்டார்கள். அது வாசனை விற்கிறவனின் தொழில் ரகசியம், எனக்கே தெரியாது என்று சூப்பர்வைசர் கையை விரித்தார். லேபிளின் மேலே, ஒரு குழந்தை சிரிக்கிற படத்துக்குக் கீழே, ‘மென்மையான சருமத்துக்கு உகந்தது’ என்று இருந்தது. அந்தப் படம் கோணலாகிவிடக் கூடாதே என்று எத்தனை ஆயிரம் தடவை மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒட்டியிருப்பேன்.

அன்றைக்குப் பார்த்து மூன்றாவது தொட்டியில் முதலாளி வீட்டுச் சரக்கு. இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை கொஞ்சம் சரக்கு, வாசனை போடாமல், லேபிள் ஒட்டாத வெள்ளை டப்பாக்களில் அவர் வீட்டுக்குப் போகும். அவருக்கு இரண்டு பேரக் குழந்தைகள். பாவம், அந்த வீட்டாருக்கு வாசனை ஒத்துக்கொள்ளாது என்று நாங்கள் உச்சுக் கொட்டுவோம். அதில் ஏடும் நிற்காது. இத்தனை வசதி இருந்து என்ன, மூக்கு இல்லையே என்று மூக்கி சிரிப்பாள். முகர்ந்து பார்க்கச் சொன்னால், முகர இதில் ஒன்றுமே இல்லை என்று நகர்ந்துவிடுவாள்.

அன்று அவள் அந்தத் தொட்டிக்குப் பக்கத்திலேயே வெகு நேரம் நின்றாள். அப்புறம் என் மேசைக்கு வந்தாள்.

“அக்கா, அந்த வீட்டுப் புள்ளைங்களுக்கு நிஜமாவே வாசனை ஒத்துக்கலையா? இல்ல, வேணாம்னு தெரிஞ்சவங்க யாராவது சொல்லியிருக்காங்களா?”

எனக்குச் சுருக்கென்றது. ஏனென்றால், அவளுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும். வாசனை எங்களுக்கு நீலக் கேன்களில் வரும். கேன் வந்து இறங்கியதும் என் முதல் வேலை, விற்றவன் ஒட்டி அனுப்பிய காகிதத்தின் மேல் எங்கள் காகிதத்தை ஒட்டி மறைப்பது. ‘வாசனை ஒன்று’, தேதி, அவ்வளவுதான் எங்கள் காகிதத்தில் இருக்கும். எங்கே வாங்குகிறோம் என்று போட்டிக்காரர்களுக்குத் தெரியக் கூடாது என்று காரணம் சொன்னார்கள். நான் ஒன்பது வருடமாகத் தலையாட்டிக்கொண்டு ஒட்டினேன். கீழே இருப்பதை ஒரு நாளாவது படித்தேனா? இல்லை. படிக்கத் தெரியாமலா? எட்டாம் வகுப்புவரை படித்தவள் நான். அக்கறை இல்லை, அவ்வளவுதான். கழுத்து வரைக்கும் வெட்கம் ஏறியது.

மதியம் எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில் சரக்கு அறைக்குள் போனேன். வெந்நீரில் துணியை நனைத்துக் கேன்மேல் ஒற்றி ஒற்றி, நானே ஒட்டிய காகிதத்தை நகத்தால் உரித்தேன். உள்ளே சிவப்புக் கட்டத்துக்குள் ஒரு மனித உருவம், அதன் நெஞ்சில் வெடித்த மாதிரி ஒரு நட்சத்திரம். வாண்டுவுக்கு வலித்த அதே இடம். அதற்குக் கீழே, நம் பாஷையிலேயே, பளிச்சென்று எழுதியிருந்தது. கலக்காமல் தோலில் படக் கூடாது. கையுறை போடாமல் தொடக் கூடாது. இனப்பெருக்கத்துக்கு ஊறு செய்யக்கூடும் என்ற சந்தேகம் உள்ளது. குழந்தைகளுக்கு எட்டாமல் வைக்கவும். அதற்கும் கீழே பொடி எழுத்தில் பதினாலு பெயர்கள். எங்களில் ஒருவருக்கும் கையுறை கிடையாது. போனில் படம் எடுத்து, மூக்கியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். இரண்டு தடவை படித்துவிட்டு, எனக்கும் அனுப்பு அக்கா என்று மட்டும் சொன்னாள்.

மாலையில் வெள்ளை டப்பாக்களை எடுத்துப்போக முதலாளியே வந்தார். அதட்டிப் பேசுகிறவர் இல்லை அவர். எல்லோரையும் வாம்மா போம்மா என்பார். மூக்கி தன் எவர்சில்வர் டப்பாவோடு அவர் முன்னால் போய் நின்று, போனில் இருந்த படத்தைக் காட்டி, குழந்தையின் நிலைமையைச் சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டார். முகத்தில் வருத்தம்கூடத் தெரிந்தது. அப்புறம் சொன்னார்.

“ஏட்டை வீட்டுக்கு எடுத்துட்டுப் போகச் சொன்னது யாரும்மா? வழிச்சு எறியணும்னுதானே விதி? பாட்டில்ல போறது நூத்துல ஒரு பங்குகூட இருக்காது.”

“எடுத்துட்டுப் போனது என் தப்புதான் சார். அதை நான் சாகிறவரைக்கும் சுமக்கணும், சுமக்கறேன். அந்த ஒரு பங்குகூட உங்க பேரப்புள்ளைங்க டப்பாவுல ஏன் இல்ல?”

“என் மருமக இந்தக் கெமிக்கல் படிப்பெல்லாம் படிச்சவ. அவளுக்கு அதெல்லாம் பிடிக்காது” என்று சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே உறைத்திருக்க வேண்டும். முகத்தில் ஈயாடவில்லை.

தொட்டிகளைக் கலக்கும் மெஷின் நின்றுவிட்டிருந்தது. நாற்பது பேரும் கையில் இருந்ததை அப்படியே வைத்துவிட்டுப் பார்த்தோம். மூக்கி டப்பாவைத் திறந்து அவர் பக்கம் நீட்டினாள்.

“ஒரே ஒரு விரல் தொட்டு உங்க கையில தடவிக்குங்க சார். நான் ஒரு வார்த்தை பேசாம போயிடறேன்.”

அவர் இரண்டு கைகளையும் பேன்ட் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டார். சூப்பர்வைசர் நடுவில் பாய்ந்து வந்து, சரக்கைத் திருடிக்கொண்டு போனவளுக்குப் பேச்சைப் பார், கேனில் இருந்த காகிதத்தைப் பிய்த்தது யார், அதுவும் நீதானே என்று கத்தினார். மூக்கி என்னைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று நிற்கிறாள். இரண்டு பிள்ளைகளின் படிப்பு கண் முன்னால் வந்து போனது. ஆனாலும் எழுந்துவிட்டேன். “பிரிச்சது நான். ஒன்பது வருஷமா அதை ஒட்டி மறைச்சதும் நான்தான்” என்றேன்.

இருவரையும் அன்றே வெளியே அனுப்பினார்கள். மூக்கியை நீக்கிய தாளில் சரக்குத் திருட்டு என்று எழுதினார்கள். உடை மாற்றும் அறையில் எங்கள் பைகளை எடுக்கப் போனபோது, அங்கே இருந்த பெண்கள் ஒவ்வொருத்தியாகத் தன் டப்பாவைத் திறந்து குப்பைத் தொட்டியில் கவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். யாரும் எங்களோடு வெளியே வரவில்லை. அவர்களைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. சூப்பர்வைசரின் பெரிய டப்பா வைத்த பை ஆணியில் இருக்கிறதா என்று திரும்பிப் பார்த்தேன், காணோம்.

பதினாலு பெயர்களையும் டாக்டரம்மா படித்து, சந்தேகத்துக்குரியவை என்று மூன்றின் பக்கத்தில் பென்சிலால் கோடு போட்டார். புகார் எழுதி, படத்தையும் வைத்து, சம்பந்தப்பட்ட அலுவலகத்துக்கு அனுப்பினோம். பாட்டிலில் எல்லாம் அனுமதித்த அளவுக்குள்தான் இருக்கிறது, ஊழியர்கள் விதியை மீறிப் பயன்படுத்தியதற்கு நிறுவனம் பொறுப்பல்ல என்று அழகாகத் தட்டச்சு செய்த பதில் வந்தது. அந்தக் காகிதத்தை மூக்கி மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்தாள். “மை வாசனைகூட இல்லக்கா” என்றாள்.

மூன்று மாதம் கழித்து வாண்டுவைச் சுவர்க்கோட்டில் நிறுத்தி அளந்தார்கள். வளர்ந்துவிட வேண்டும் என்று குதிகாலைத் தூக்கித் தூக்கி நின்றது அந்தப் பிள்ளை. இடது பக்கத்துக் கட்டி கரைந்திருந்தது. வலது பக்கம் பாதியாகியிருந்தது. ஊசி இப்போதைக்கு வேண்டாம், இன்னும் மூன்று மாதம் பார்ப்போம் என்றார் டாக்டரம்மா. எலும்பு மட்டும் பின்னால் போகாது, ஓடிவிட்ட இரண்டரை வருஷம் ஓடினதுதான் என்றும் சொன்னார். மூக்கி தலையை ஆட்டினாள். அழுதால் பிள்ளை பயந்துவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

அங்கிருந்து வரும்போது வாண்டுவுக்கு ஒரு பென்சில் வாங்க வேண்டியிருந்தது. தெருமுனையில் பெரிய கடை. நாங்கள் பென்சில் தேடிக்கொண்டிருந்தபோது அவள் கையை உதறிவிட்டு அடுத்த வரிசைக்கு ஓடினாள். போய்ப் பார்த்தால், எங்கள் பாட்டில் ஒன்றைக் கையில் எடுத்து, மூடியைத் திருகி, கண்ணை மூடி முகர்ந்துகொண்டிருக்கிறாள்.

“அம்மா, இங்க பாரு, என் வாசனை!”

மூக்கி பாய்ந்து பிடுங்கினாள். பிடுங்கிய வேகத்தில் பிள்ளையின் விரல் மடங்கியிருக்க வேண்டும், ஓவென்று அழுதாள். அது என் வாசனை, அது இல்லாமல் டீச்சர் என்னைப் பக்கத்தில் கூப்பிடுவதில்லை, யாரும் என்னோடு உட்காரச் சண்டை போடுவதில்லை, என் வாசனையைக் கொடு என்று கடையே திரும்பிப் பார்க்கும்படி அழுதாள். மூக்கி அப்படியே தரையில் மண்டியிட்டு உட்கார்ந்து, மகளின் தலையை இழுத்து, உச்சியில் மூக்கை வைத்து நீளமாக முகர்ந்தாள். நாலு வயதிலிருந்து அந்தத் தலையில் ஏட்டைத் தவிர வேறு எதையும் அவள் முகர்ந்ததில்லை.

“இதுதான்டி உன் வாசனை” என்றாள்.

வாண்டு தன் கையைத் தூக்கி, மணிக்கட்டை மூக்கில் வைத்து முகர்ந்து பார்த்தாள். இன்னொரு கையையும் முகர்ந்தாள்.

“இதுல ஒண்ணுமே இல்லையே அம்மா” என்றாள்.

நான் மூக்கியின் கையிலிருந்து பாட்டிலை வாங்கி, மூடியை இறுக்கித் திருப்பி வைக்கப் போனேன். அலமாரியில் வரிசையாக முப்பது நாற்பது பாட்டில் இருந்தது. எல்லாவற்றிலும் அந்தக் குழந்தை சிரித்துக்கொண்டிருந்தது. அடியில் இருந்த தேதியைப் பார்த்தேன். நான்கு மாதத்துக்கு முந்தைய சரக்கு. ஒரு லேபிள்கூடக் கோணலாக இல்லை. அத்தனையும் என் கையால் ஒட்டியது.